கேட்டு எழுதுகிற வேலை

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில், நீர்ப்பிடிப்பைத் தாண்டிய மலைச்சரிவுகளில் தோட்டமலை, தச்சமலை என்று காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே போக வள்ளந்தான் வழி. கோதையாறு சாலையில் போனால் மோதிரமலை, குற்றியாறு, விளாமலை. மழை வலுத்தால் தரைப்பாலம் முங்கிவிடும். வெள்ளம் வடியும்வரை போக்குவரத்து கிடையாது. இந்த ஊர்களில் மூத்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை மலம்பாஷை என்பார்கள். அதைப் பதிந்து, மறுபடி மறுபடி கேட்டு, எழுத்தாக்குவது என் வேலையாக இருந்தது. எண்பதுகளின் கடைசியில் தொடங்கியது. உத்தியோகம் முடிந்த பிறகும் விடவில்லை.

நான் தோவாளைத் தாலுகாக்காரன். வயலும் குளமும் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை தெரியும். மலையில் ஆள் இருப்பதும் தெரியும். தேனும் நல்லமிளகும் கொண்டுவருகிற காணிக்காரரைச் சந்தையில் பார்த்திருக்கிறோம். அவர்கள் எங்களோடு எங்கள் தமிழில் பேசினார்கள். அவர்களுக்குள் வேறொரு பேச்சு உண்டு என்பதை ஊரில் யாரும் கவனித்ததாக நினைவில்லை. மொழியியல் படிக்கத் திருவனந்தபுரத்துக்குப் போனபிறகுதான் அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும் என்று எனக்கே பட்டது.

இந்தத் துறையில் நாஞ்சில் நாட்டுக்குப் பெருமை உண்டு. 1926இல் நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம்தான் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்தவர். 1971இல் திராவிட மொழியியற் கழகத்தையும், 1977இல் திருவனந்தபுரத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் நிறுவனத்தையும் தொடங்கியவர். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அவர் தலைமையில் மலையாள வட்டார வழக்குகளை அளக்கப் புறப்பட்டபோது, ஈழவர்-தீயர் என்ற ஒரு சமூகத்தாரின் பேச்சைக் கேரளம் நெடுக எடுத்துக்கொண்டார்கள். சாதி மாறினால் பேச்சு மாறும், இடம் மாறினாலும் மாறும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் எது எதனால் வந்தது என்று சொல்லமுடியாது. ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு மற்றதை அளக்கவேண்டும். 1974இல் அது நூலாக வந்தது. எங்களுக்கு அதுவே பாடப்புத்தகம். மலையேறும்போதும் அந்த ஒழுங்கைத்தான் கொண்டுபோனேன்.

காணிக்காரர் குமரியில் மட்டும் இல்லை. கிழக்கே பாபநாசம் மலையில் சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி. மேற்கே திருவனந்தபுரம் மாவட்டத்தில் கோட்டூரும் அகத்தியகூடத்தின் அடிவாரமும். தமிழ்நாட்டில் சில ஆயிரம் பேர், கேரளத்தில் இருபதாயிரத்துக்குச் சற்று மேல். 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை மாறியபோது, அதுவரை திருவிதாங்கூரின் ஒரே காட்டில் இருந்தவர்கள் இரண்டு மாநிலத்தவர் ஆனார்கள். அண்ணன் வீட்டுப் பிள்ளை மலையாளம் படித்தது. தங்கை வீட்டுப் பிள்ளை தமிழ் படித்தது. பெண் கொடுத்து எடுப்பது நின்றுவிடவில்லை. ஆனால் பள்ளிக்கூட மொழி வேறானதும் பேச்சு மெல்ல மெல்ல இரண்டு பக்கமாக இழுபட்டதைப் பதிவுகளில் நான் கேட்டிருக்கிறேன்.

எங்களுக்கு முன்னால் யார் எழுதினார்கள்? லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1883இல் வெளியிட்ட 'நேட்டிவ் லைஃப் இன் டிராவன்கூர்' நூலில் மலைக்காணிக்காரரைப் பற்றி எழுதினார். 1909இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியுடன் சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மூன்றாவதில் காணிக்காரர் வருகிறார்கள். 1937இல் எல்.ஏ. கிருஷ்ண ஐயர் திருவிதாங்கூர் பழங்குடிகளைப் பற்றிய தம் முதல் தொகுதியில் விரிவாக எழுதினார். மணமுறை, தெய்வம், வேட்டை, வீடு எல்லாம் இவற்றில் உண்டு. தர்ஸ்டன் தலையையும் மூக்கையும்கூட அளந்தார். மொழிக்குக் கிடைத்தது சில வரிகள்: மலையாளம், அதில் தமிழ் கலந்தது. அவ்வளவுதான். இந்தியாவின் மொழிகளையெல்லாம் தொகுத்த கிரியர்சனின் பெரிய ஆய்விலோ சென்னை மாகாணம், ஐதராபாத், மைசூர் எல்லாம் களமாக எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

நீலகிரிக்கு வாய்த்தது வேறு. முப்பதுகளின் நடுவில் மரே எமனோ என்ற மொழியியலாளர் அங்கே வந்து தங்கினார். சுள்ளி என்ற கோத்தர் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியவற்றை 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாகக் கோத்தர் மொழியிலேயே அச்சிட்டார். பிறகு தோடர் பாடல்கள், தோடர் இலக்கணம். இன்றைக்குக் கோத்தர் வீட்டுப் பிள்ளை ஒன்று தன் முன்னோர் எப்படிக் கதை சொன்னார்கள் என்று அறிய விரும்பினால் எடுத்துப் பார்க்க ஒரு புத்தகம் இருக்கிறது. தென்மலைக்கு அப்படி ஒருவர் வரவில்லை. ஆய்வேடுகள் உண்டு, கட்டுரைகள் உண்டு. பட்டம் வாங்குவதற்கு வேண்டிய அளவில் அவை நின்றுவிட்டன. இந்த ஒரு குறை என்னை வேலை செய்யவைத்தது என்று சொல்லலாம்.

மலம்பாஷை தமிழா, மலையாளமா? மாவட்ட அலுவலகத்தில் கேட்பார்கள், கருத்தரங்கில் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். மொழியியல்காரன் இதற்குச் சில அளவுகோல்கள் வைத்திருக்கிறான். தமிழில் வினைமுற்று ஆண்பால் பெண்பால் காட்டும்: வந்தான், வந்தாள். மலையாளத்தில் இருவருக்கும் வந்நு. தமிழின் ந்த அங்கே ந்ந ஆகும், ங்க என்பது ங்ங ஆகும், தலை என்பது தல ஆகும். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கட்டம் போட்டுக் குறிக்கலாம். நானும் குறித்திருக்கிறேன். மூத்தவர்களின் பேச்சில் எல்லாக் கட்டமும் ஒரே பக்கம் விழுவதில்லை. ஒரே ஆள் ஒரே கதைக்குள் இரண்டு விதமாகவும் சொல்வார். இதைக் கலப்படம் என்று எழுதுவது சோம்பல். தமிழும் மலையாளமும் முழுக்கப் பிரிவதற்கு முன்பிருந்த பேச்சு வழக்குகள் மலையில் தம் போக்கில் வளர்ந்தன. கீழேயிருந்து இரண்டு மொழிகளும் வந்து வந்து மோதின. எது பழையது, எது நேற்று வந்தது என்று பிரிப்பதுதான் வேலை. அதற்குப் பத்து வார்த்தைப் பட்டியல் போதாது. மணிக்கணக்கில் தொடர்ச்சியான பேச்சு வேண்டும்.

அப்படிப் பிரிப்பது குமரியில் இன்னும் கடினம். விளவங்கோடு, கல்குளத்துச் சமவெளிக்காரன் பேசும் தமிழிலேயே மலையாளத்தோடு ஒத்துப்போகிற கூறுகள் ஏராளம். காற்று என்பதில் உள்ள றகரத்தைச் சென்னைக்காரர் காத்து என்கிறார். விளவங்கோட்டுக் கிழவி அதைப் பழைய ஒலியோடு, நாக்கு நுனியை மேல்பல் ஈறில் ஒற்றிச் சொல்கிறாள். ஆகவே ஒரு கூறு காணிப் பேச்சில் கிடைத்தவுடன் 'மலையின் மொழி' என்று கொண்டாடக் கூடாது. கீழே களியலிலும் குலசேகரத்திலும் உள்ளவர்கள் அப்படிச் சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டு வரவேண்டும். போதாததற்கு ரப்பர் தோட்டம். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழரைக் கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பக்கத்துத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். பிறகு அந்தத் தோட்டங்கள் அரசு ரப்பர் கழகத்தின்கீழ் வந்தன. பால்வெட்டுக்குப் போகிற காணி இளைஞன் அவர்களோடு வேலை செய்கிறான், பழகுகிறான். கோதையாற்றுச் சாயாக்கடை பெஞ்சில் நாஞ்சில் தமிழ், விளவங்கோட்டுத் தமிழ், கண்டி மலைத் தமிழ் மூன்றையும் ஒரே காலையில் கேட்கலாம். மலம்பாஷையை மட்டும் அங்கே கேட்க முடியாது. அது வீட்டுக்குள் இருக்கிறது.

வீட்டுக்குள் இருப்பதை வெளியாள் எப்படிக் கேட்பது? இதுதான் இந்தத் தொழிலின் முழுச் சூட்சுமமும். மரியாதை தெரிந்த மனிதர்கள் வந்தவனோடு வந்தவனின் மொழியில்தான் பேசுவார்கள். 'நான் போகிறேன் என்பதை எப்படிச் சொல்வீர்கள் பாட்டா?' என்று கேட்டால் உனக்குப் புரியட்டுமே என்று உன் தமிழைக் கொஞ்சம் மாற்றித் திருப்பித் தருவார்கள். நோட்டு நிறையும், மொழி அதில் இருக்காது. நான் கற்றுக்கொண்டது, இருவர் பேசும் இடத்தில் ஓரமாக உட்காருவது. ஈற்றை சீவிக் கூடை முடைகிற நேரத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வார்கள். கை வேலையில் இருக்கும். வாய் தன் பாட்டுக்குப் போகும். அனுமதி வாங்கிக்கொண்டு பக்கத்தில் கருவியை வைத்துவிட்டு நான் திண்ணைக்குப் போய்விடுவேன். வந்தவன் கண்ணில் படாவிட்டால் பேச்சு தன் நிலைக்கு வந்துவிடும்.

இன்னொரு வழி, ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்வது. தேன் எடுப்பது எப்படி, மரச்சீனி நட நிலம் பண்படுத்துவது எப்படி, யானைக்குப் பயந்து மரத்தில் ஏறுமாடம் கட்டுவது எப்படி. கைதேர்ந்தவன் தன் வேலையைச் சொல்லும்போது இலக்கணம் தானாக வந்து விழும். கட்டிய பிறகு, கட்டாவிட்டால், கட்டிக்கொண்டே, கட்டவேண்டியிருக்கும். வினையெச்சங்களை நான் கேள்வி கேட்டு வாங்கியதைவிட ஏறுமாடம் கட்டச் சொல்லி வாங்கியதே அதிகம்.

ஒலியைப் பிடிப்பதற்கு மலை ஒத்துழைக்காது. பால்வெட்டுகிறவர்கள் விடியுமுன் போய்விடுவார்கள். பால் சேர்த்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். அந்தி சாய்ந்தால் சில்வண்டு. மழை நாளில் வெட்டு இல்லை, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் தகரக் கூரைமேல் மழை விழும் ஓசையில் ஒரு சொல்லும் கேட்காது. குமரிக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஆகவே மழை இல்லாத மதியம் என்பது எங்களுக்கு விலைமதிப்புள்ள நேரம். ஆற்றங்கரையில் உட்காரக் கூடாது. கண்ணுக்கு அழகு, காதுக்குக் கேடு. பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒலிவாங்கி, சற்றுப் பக்கவாட்டில். கேசட் காலத்தில் அறுபது நிமிட நாடாவைத்தான் வாங்குவோம். தொண்ணூறு நிமிட நாடா மெல்லியது, இழுபடும், சிக்கும். பதிந்து முடிந்ததும் கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் ஒடித்துவிடவேண்டும். இல்லையென்றால் வீட்டில் யாராவது அதன்மேல் சினிமாப் பாட்டைப் பதிந்துவிடுவார்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க, பொருளும் இலக்கணக் குறிப்பும் சேர்த்து, நாற்பது ஐம்பது மணி நேரம் ஆகும். இதை மானியம் தருகிறவர்கள் நம்புவதில்லை. உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழ் எழுத்தில் ந, ன இரண்டு இருந்தாலும் இன்று நம்மில் பெரும்பாலோர் வாயில் இரண்டும் ஒன்றுதான். மலையாளத்தில் அவை இன்னும் தனித்தனி. மலம்பாஷையில் எங்கே எது வருகிறது என்று தெரிய ஒரே சொல்லை நாடாவில் முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்கவேண்டும். அப்படியும் ஐயம் தீராவிட்டால் சொன்னவரிடமே போய், அந்த ஒலியை வாயில் நிறுத்தி நாக்கு நுனி எங்கே ஒட்டுகிறது என்று கவனிக்கச் சொல்வோம். மூத்தவர்கள் இதை உற்சாகமாகச் செய்வார்கள். தன் நாக்கு எங்கே நிற்கிறது என்று ஒரு பாட்டி முதன்முதலாகக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் பேரப்பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தாள்.

காணிக்காரரின் மொழிச் செல்வம் பெரும்பகுதி சாற்று என்ற வழிபாட்டுப் பாட்டில் இருக்கிறது. ஊரில் மூட்டுக்காணி தலைவர்; பிலாத்தி மருந்தும் மந்திரமும் அறிந்தவர். தீனம் வந்தால், தெய்வத்துக்குக் கொடுதி நடத்தினால், பிலாத்தி கொக்கரையை எடுப்பார். விளிம்பில் பல் வெட்டிய இரும்புக் குழல் அது. இரும்புக் கம்பியால் அதை உரசிக்கொண்டே இரவு முழுக்கச் சாற்றுவார். மலைகள், ஓடைகள், பாறைகள், செடிகள், தெய்வங்கள் எல்லாம் வரிசையாக வரும். வீட்டுப் பேச்சில் வழக்கொழிந்த சொல்லும் விகுதியும் அங்கே நிற்கும். எந்த மொழியிலும் வழிபாட்டுப் பாட்டு பழமையைப் பிடித்துவைத்திருக்கும். அதனால் ஆராய்ச்சிக்காரன் முதல் நாளே அதைத்தான் கேட்பான். நான் பகலில் சாற்றிக் காட்டச் சொல்லிக் கேட்டபோது ஒரு மூத்த பிலாத்தி சொன்னார்: 'தீனக்காரன் இல்லாம சாற்றாண்டாம் சாரே. தெய்வம் வந்து நின்னுட்டு, என்னத்துக்கு விளிச்சேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?'

பிறகு உண்மையாகவே ஒரு தீனத்துக்குச் சாற்றிய இரவில் அவர் கூப்பிட்டனுப்பினார். பதிந்துகொள்ளலாம், எழுதலாம், தன் குடும்பத்தாருக்குத் தரலாம்; வெளியில் போட்டுக் கேட்பிக்கக் கூடாது என்பது அவர் விதித்த கட்டுப்பாடு. அந்த நாடாவில் அந்தக் கட்டுப்பாட்டை அவர் குரலிலேயே பதிந்திருக்கிறேன். அதன் இலக்கணத்தை ஆராய்ந்திருக்கிறேன். பாட்டை எங்கும் வெளியிடவில்லை, வெளியிடப்போவதும் இல்லை. இதை ஒரு குறையாக நினைக்கிற இளம் ஆய்வாளர்களைச் சந்தித்திருக்கிறேன். ஒருவர் தன் தெய்வத்துக்கு வைத்திருப்பதை, கேட்டவுடன் எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று எந்த விஞ்ஞானமும் சொல்ல முடியாது.

செடிப் பெயர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1987இல் அகத்தியமலைப் பக்கம் வந்த தாவரவியலாளர்கள் களைத்துப்போனபோது, வழிகாட்டிகளாகக் கூடப் போன காணிக்காரர்கள் சோர்வில்லாமல் நடந்தார்கள். அவர்கள் தின்ற ஒரு சிறு காய்தான் காரணம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. வருவாயில் பங்கு கொடுப்பதற்காக 1997இல் கேரளக் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை அமைந்தது. பாரம்பரிய அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகமெங்கும் பேசினார்கள். ஆனால் அந்த அறிவைச் சொன்னது சரியா என்று காணிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. பிலாத்திகள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அகராதி செய்கிறவன் இதை மறக்கக் கூடாது. ஒரு செடியின் பெயரைப் போட்டு, இன்ன நோய்க்கு ஆகும் என்று எதிரே எழுதினால் அது வெறும் சொற்பொருள் இல்லை, ஒரு குடும்பத்தின் சொத்து. நான் பெயரையும் செடியின் தாவரவியல் அடையாளத்தையும் மட்டும் எழுதுவேன். மருந்து எதற்கு என்பதைச் சொன்னவரே வெளியிடச் சொன்னால் ஒழிய எழுதமாட்டேன்.

இடப்பெயர்கள் விஷயம் நேர் எதிர். அவை எழுதப்படவேண்டும், எல்லோருக்கும் தெரியவேண்டும். ஒரு மலையில் ஒரு நாள் மூத்தவர் ஒருவரோடு நடந்தால் நூறடிக்கு ஒரு பெயர் வரும். பாறைக்கு, சுனைக்கு, யானை இறங்கும் துறைக்கு, பழைய கொத்துக்காட்டுக்கு, முன்னோரைப் புதைத்த இடத்துக்கு. வனத்துறை வரைபடத்தில் அந்தப் பரப்பு எண்ணிட்ட கட்டமாக இருக்கும். 1906இல் மூலம் திருநாள் காலத்தில் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தபோது தண்ணீருக்கடியில் போன இடங்களின் பெயர்களும் சில கதைகளில் வருகின்றன. கதை சொன்னவரும் அந்த இடங்களைப் பார்த்தவர் இல்லை. தாத்தா சொல்லக் கேட்டவர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமை கோருவதற்கு ஆவணம் மட்டும்தான் சான்று என்று சொல்லவில்லை. மூத்தோரின் வாக்குமூலத்தை எழுத்தில் கொண்டுவந்தால் அதையும் சான்றாக ஏற்கவேண்டும் என்கின்றன. கிராமசபையில் ஒருவர் எழுந்து நின்று, இந்த ஓடைக்கு இன்ன பெயர், இங்கே எங்கள் ஆட்கள் இன்னது செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய பலம்! மொழியைப் பதிந்ததால் என்ன பயன் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிள்ளைகள் பேச்சைக் கைவிடுகிறார்களே என்று பெற்றோரைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. பிள்ளை பேச்சிப்பாறை உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகிறது, அங்கே தமிழ். கீழே வேலைக்குப் போகிறது, அங்கேயும் தமிழ். சந்தையில் மலம்பாஷை பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்து வளர்ந்த தகப்பன், தன் மகன் அதைக் கேட்கவேண்டாம் என்று நினைத்தான். கணக்கெடுப்பும் உதவவில்லை. 2011இல் மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றை 1,369 தாய்மொழிகளாகச் சீர்படுத்தி, கடைசியில் 121 மொழிகளாகத் தொகுத்தார்கள். பத்தாயிரம் பேருக்குக் குறைந்தவை தனிப் பெயரோடு வெளிவருவதில்லை. குமரிக் காணி ஒருவர் தாய்மொழி தமிழ் என்றுதான் பெரும்பாலும் எழுதிக்கொடுக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அதிகாரி கேட்ட கேள்விக்கு அதிகாரிக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறார்.

எழுத்தில் நின்றது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு சமவெளியைப் பார்க்கவேண்டும். அங்கே கௌர்னா என்ற பூர்வகுடி மொழி பேசுவாரின்றிப் போய்விட்டது. ஆனால் டைக்கெல்மான், ஷூர்மான் என்ற இரு ஜெர்மானியப் பாதிரியார்கள் 1840இல் அதன் இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் அச்சிட்டிருந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்த மக்களின் வாரிசுகள் அதிலிருந்தே மொழியை மீட்டெடுத்து, இன்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கவும் கூட்டங்களில் வரவேற்புரை சொல்லவும் பயன்படுத்துகிறார்கள். நமக்கு இன்னும் வாய்ப்பு நல்லதாகவே இருக்கிறது. பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்கலாம், ஐயம் வந்தால் திரும்பப் போய்க் கேட்கலாம். மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை.

பதிந்ததைத் திருப்பிக் கொடுக்காதவரை வேலை முடியவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆய்வேட்டைக் கொடுத்தால் அது பெட்டிக்குள் போகும். தமிழ் எழுத்தில், குரலுள்ள ஒலிகளுக்குச் சிறு அடையாளம் போட்டு, படத்தோடு அச்சிட்ட சிறு புத்தகங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டன. எல்லாவற்றையும்விட நன்றாகப் போய்ச் சேர்ந்தது மெமரி கார்டு. தேன் எடுத்த கதையும் தாலாட்டும் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் பரவின. மறுமுறை போனபோது இளைஞர்கள் சிலர், அந்தக் கதையில் வருகிற இடம் நீங்கள் எழுதியது இல்லை, அடுத்த ஓடை என்று திருத்தினார்கள். வெளியாளாகிய எனக்குக் கிடைத்ததிலேயே பயனுள்ள திருத்தங்கள் அவை. இப்போது அவர்களில் சிலருக்குக் கணினியில் ஒலியையும் எழுத்தையும் ஒருங்கே அடுக்கும் ஈலான் மென்பொருள் பழக்கம். நான் மூன்று முறை ஓட்டிக் கேட்கிற சொல்லை அவர்கள் ஒரே முறையில் எழுதுகிறார்கள்.

2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு நிதிநிலை அறிக்கையில், தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் உள்ளிட்டோரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் என்று அறிவித்தது. பட்டியலில் காணி என்ற பெயரைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத வார்த்தை இல்லை. அந்தப் பணத்தைச் செலவிடுகிறவர்களுக்கு இரண்டே வேண்டுகோள். எழுத்தாக்கும் வேலையைக் காணி இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு கொடுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர் அவர்களோடு உட்காரட்டும். பதிவுகளின் ஒரு படி ஒவ்வொரு குடியிருப்புக்கும் போகவேண்டும்; எதை யார் கேட்கலாம் என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும்.

மூன்றாவது வேண்டுகோள் இதை வாசிக்கிறவர்களுக்கு. நான் பதிந்த கேசட்டுகளில் ஒரு பங்கை நல்லெண்ணத்தோடு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். பிறகு கேட்டபோது அறை மாற்றியதில் காணவில்லை என்றார்கள். இப்படி நேர்ந்ததாகப் பலர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். அறுபதுகளிலிருந்து காணிக்காரர் பற்றி ஆய்வு செய்த ஆசிரியர்கள், மாணவர்கள், பாதிரியார்கள், வன அலுவலர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம், திருநெல்வேலி வீடுகளில் இருந்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவோ மாமாவோ அப்படி ஒருவராக இருந்தால் பரணைப் பாருங்கள். கேசட்டோ சுருள் நாடாவோ கிடைத்தால் பழைய டேப்ரிக்கார்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த நாடா ஒரே ஓட்டத்தில் அறுந்தும் உரிந்தும் போகலாம். ஈரமில்லாத இடத்தில் செங்குத்தாக நிறுத்திவையுங்கள். உறையில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடாவைச் சுத்தம் செய்து எண்மமாக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, சுருக்காத ஒலிக்கோப்பாக மூன்று படிகள் வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று ஒரு நூலகத்துக்கு. மூன்றாவதைப் பேச்சிப்பாறைக்கு எடுத்துக்கொண்டு போய், அந்தக் குரல் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்ததோ அந்த மூட்டுக்காணியின் கையில் கொடுத்துவிடுங்கள்.